இயற்கணிதத்தைக் கண்டு அஞ்சுவானேன்?

காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் வீடு வந்து சேரும் நாள், பல இல்லங்களில் மகிழ்ச்சி குன்றிய நாள். தமிழில் 70, சமூக அறிவியலில் 65, கணிதத்தில் மட்டும் 22. தந்தை முகம் சிவக்கிறார். "உன் மண்டையில் இருப்பது மூளையா, களிமண்ணா?" என்று கேட்கிறார். தாயோ பிள்ளைக்குப் பரிந்து, "எனக்கும் கணக்கு வராது, என் வயிற்றில் பிறந்தவனுக்கு எங்கிருந்து வரும்?" என்கிறார். இவ்விரு சொற்களுள் எது அதிகக் கேடு விளைவிப்பது என்று என்னைக் கேட்டால், தாயின் சொல்லே என்பேன். தந்தையின் கோபம் மாலைக்குள் தணிந்துவிடும். தாய் அன்போடு கூறியதைப் பிள்ளை தன் விதியென்று ஏற்றுக்கொள்கிறான்.

பள்ளித் தாளாளராகவும் இருக்க நேர்ந்த பங்குகளில், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரிடம் காரணம் வினவுவது என் வழக்கம். வறுமை என்பார்கள், வேலைக்கு அனுப்பப் போகிறோம் என்பார்கள். சற்று நேரம் அமர வைத்துப் பேசினால், "எட்டாவது வரைக்கும் நன்றாகத்தான் படித்தான், சாமி, அதற்குப் பிறகு கணக்குப் பாடம் புரியவில்லையாம்" என்பது மெல்ல வெளிவரும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வட்டி, விழுக்காடு ஆகியவற்றைச் சமாளித்து வந்த சிறுவன், எண்களுக்கு நடுவே எழுத்துகள் புகுந்ததும் தடுமாறிப் போகிறான். பத்தாம் வகுப்பில் கணிதம் தவறினால் பாலிடெக்னிக் வாசலும், ஐ.டி.ஐ.யில் பல தொழிற்பிரிவுகளின் வாசலும் அவனுக்கு அடைபடுகின்றன. ஆகவே இயற்கணிதம் ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய கவலை என்று பெற்றோர் ஒதுங்கி நிற்க இயலாது.

பிள்ளைகள் ஏன் இதனை வெறுக்கின்றனர்? சோம்பல் என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். "எக்ஸ் என்றால் என்ன, சார்?" என்கிறார்கள். "தெரியாத எண்" என்று விடை வருகிறது. "தெரியாததை எதற்காக எழுத வேண்டும்?" இக்கேள்விக்கு வகுப்பில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை, பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. பசி எடுக்கும் முன்னரே இலையில் சோறு விழுந்துவிடுகிறது. எழுத்து எதற்குத் தேவை என்பதைப் பிள்ளை தானே உணரும்படி செய்துவிட்டால், பாதி வெறுப்பு அப்போதே நீங்கிவிடும் என்பது என் துணிபு.

இதனை ஓர் ஆசிரியை செய்து காட்டியதை வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். புத்தகத்தைத் திறக்கச் சொல்லாமல், நம் பாட்டிமார் சொல்லும் பழைய பறவைக் கணக்கைச் சொன்னார். வானில் ஒரு கூட்டம் பறந்து போகிறது. மரத்தில் இருந்த பறவை, "நீங்கள் நூறு பேரா?" என்று கேட்கிறது. "இல்லை; நாங்களும், எங்கள் அளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், கூட உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்று விடை வருகிறது. பறந்தவை எத்தனை?

கணக்கு என்றாலே தலை குனியும் மாணவர்கள் அன்று தலை நிமிர்ந்தனர். 40 என்றான் ஒருவன். கூட்டிப் பார்த்தால் 111 வந்தது. 32 என்றாள் ஒருத்தி, 89 வந்தது. நான்கால் வகுபடாத எண் உதவாது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொண்டனர். மூன்றாம் முயற்சியில் 36 கிடைத்தது. 36, 36, 18, 9, மரத்துப் பறவை ஒன்று. வகுப்பு ஆர்ப்பரித்தது. ஆசிரியை அத்துடன் விடவில்லை. "நூறு இல்லை, 760 என்று அந்தக் கூட்டம் சொல்லியிருந்தால்?" என்றார்.

மீண்டும் ஊகிக்கத் தொடங்கினர். ஐந்து நிமிடத்தில் களைத்துப் போயினர். அப்போது, அதுவரை வாய் திறவாத ஒரு மாணவி எழுந்து, "கூட்டத்தில் கால் பங்கை ஒரு பிடி என்று வைத்துக்கொண்டால், கூட்டம் 4 பிடி. இன்னொரு கூட்டம் 4 பிடி. பாதி 2 பிடி. அதில் பாதி 1 பிடி. எல்லாம் 11 பிடி" என்றாள். மரத்துப் பறவையை நீக்கினால் 759. அதனைப் 11 பிடிக்குப் பங்கிட்டால் ஒரு பிடிக்கு 69. கூட்டம் 276.

ஆசிரியை கரும்பலகையில் 11 பிடி = 759 என்று எழுதினார். பிறகு 'பிடி' என்பதை அழித்துவிட்டு அவ்விடத்தில் எக்ஸ் என்னும் எழுத்தை வைத்தார். "இவள் பிடி என்றாள், புத்தகம் எக்ஸ் என்கிறது. அவ்வளவுதான்" என்றார். எக்ஸ் எதற்கு என்ற கேள்வி அவ்வகுப்பில் மீண்டும் எழவில்லை.

வரலாறும் இவ்வாசிரியையின் பக்கமே நிற்கிறது. இயற்கணிதம் தோன்றியபோது எழுத்துகளே இல்லை. அல்ஜீப்ரா என்ற பெயரை வழங்கிய நூலை, ஏறத்தாழ 820-ஆம் ஆண்டில் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்பவர் இயற்றினார். வாரிசுச் சொத்தைப் பங்கிடுவோருக்கும் நிலம் அளப்போருக்கும் வணிகருக்கும் பயன்படவேண்டுமென்று எழுதிய நூல் அது. அதில் எல்லாமே சொற்களால் ஆனவை. எண்களைக்கூட அவர் சொற்களாகவே எழுதினார். மறைந்திருக்கும் எண்ணை அரபியர் 'பொருள்' என்றே அழைத்தனர். நம் நாட்டில் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டையொட்டி எழுதிய பீஜகணிதத்தில் அதற்கு 'யாவத்தாவத்' என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். அதைச் சுருக்கி 'யா' என்று எழுதினர். இரண்டாவதாக ஒரு மறைந்த எண் வந்தால் கறுப்பு, மூன்றாவதற்கு நீலம் என்று நிறங்களின் பெயர்களைச் சூட்டி, அவற்றின் முதலெழுத்தை வைத்துக்கொண்டனர். பிரெஞ்சு நாட்டு வியேத் 1591-இல் எழுத்துகளை முறைப்படுத்தினார். நாம் இன்று எழுதும் எக்ஸ், ஒய், இஸட் 1637-இல் வெளிவந்த தேக்கார்த்தின் வடிவியல் நூலால் நிலைபெற்றவை. இரு சிறு கோடுகளாகிய சமக்குறிகூட 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டவர் அமைத்ததே. இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பது அவர் கூறிய காரணம்.

(நம் திருச்சபைக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1582-ஆம் ஆண்டின் நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் உழைத்த இயேசு சபைக் குரு கிறிஸ்டோபர் கிளாவியுஸ், 1608-இல் அல்ஜீப்ரா என்ற பாடநூலை வெளியிட்டார்.)

சொல்லிலிருந்து சுருக்கத்துக்கும், சுருக்கத்திலிருந்து எழுத்துக்கும் வந்து சேர மனித குலத்துக்கு எட்டு நூற்றாண்டுகள் பிடித்தன. அதே வழியை நம் பிள்ளை ஒரு பிற்பகலில் தாண்டவேண்டுமென எதிர்பார்க்கிறோம். ஒரு வாரமாவது சொல்லில் தங்கவிட்டால் என்ன?

அடுத்த இடறல், "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்னும் விதி. கூட்டல் கழித்தலாகிறதாம், பெருக்கல் வகுத்தலாகிறதாம். ஏன் மாறுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு அது மந்திரமாகவே தோன்றும். மந்திரத்தை மனப்பாடம் செய்தவன் தேர்வறையில் ஒரு சொல் மறந்தால் நின்றுவிடுவான்.

சமன்பாட்டைத் தராசுக்கு ஒப்பிடுவது ஆசிரியர்களிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆனால் இன்று கடைகளில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. இருதட்டுத் தராசு ஆடி நிற்பதைக் கண்டிராத பிள்ளைகள் பலர். ஆகவே தராசைக் கரும்பலகையில் வரைவதைவிடக் கையில் கொடுப்பதே மேல். இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு கோல், கொஞ்சம் சணல் கயிறு போதும். தீப்பெட்டிகளுக்குள் சம எண்ணிக்கையில் ஒரு ரூபாய் நாணயங்களை மறைத்து, குலுங்காமல் காகிதம் அடைத்துவிட வேண்டும். நாணயங்கள் ஒரே வகையாக இருக்கட்டும். பழையதும் புதியதும் எடையில் வேறுபடும். பெட்டியின் எடைக்கு ஈடாக வெறும் பெட்டிகளை மறுதட்டில் வைக்க மறக்கக் கூடாது. மறந்தால் கணக்கே கெடும்.

இப்போது ஒரு தட்டில் மூன்று பெட்டியும் இரண்டு நாணயமும், மறுதட்டில் பதினான்கு நாணயங்களும் வைத்தால் தராசு சமமாக நிற்கிறது. பெட்டிக்குள் எத்தனை? ஒருவன் ஓடிவந்து இடத்தட்டின் இரண்டு நாணயங்களை எடுக்கிறான்; தட்டு உயர்ந்துவிடுகிறது. "அந்தப் பக்கமும் எடுடா!" என்று வகுப்பே கூவுகிறது. அந்தக் கூவலில் விதி பிறந்துவிட்டது. மூன்று பெட்டிக்குப் பன்னிரண்டு, ஒரு பெட்டிக்கு நான்கு. பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும்! பிறகு, ஒரு பக்கம் மூன்று பெட்டியும் இரண்டு நாணயமும், மறுபக்கம் ஒரு பெட்டியும் பத்து நாணயமும் என்று மாற்றிக் கொடுக்கலாம். பெட்டியையே இருபுறமும் எடுத்துவிடலாம் என்று கண்டுகொள்ளும் பிள்ளை, அல்-குவாரிஸ்மி தம் நூலின் தலைப்பிலேயே குறித்த இரு செயல்களுள் ஒன்றைச் செய்து முடித்தவன். மற்றொன்று அல்-ஜபர். குறைந்ததை நிரப்பிப் பொருத்துதல் என்பது பொருள். ஸ்பெயின் நாட்டில் முறிந்த எலும்பைப் பொருத்தும் வைத்தியரையும் ஒரு காலத்தில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தனர்.

தராசுக்கும் எல்லை உண்டு. ஐந்தைக் கூட்டினால் இரண்டாகும் எண் எது என்பதை எந்தக் கொட்டாங்கச்சியிலும் நிறுத்திக் காட்ட முடியாது. அங்கே கடன் உதவும். 628-ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லி விதி வகுத்தார். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை எவ்வாறு வரும் என்று பிள்ளை வியந்தால், கடைக்காரர் ஐந்து ரூபாய்க் கடன் மூன்றைத் தள்ளுபடி செய்தால் உன் கையிருப்பு எவ்வளவு உயர்ந்தது என்று கேளுங்கள். பதினைந்து என்று உடனே சொல்வான்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எளிமைப்படுத்துவதாக எண்ணி, 'மூன்று வா' என்றால் மூன்று வாழைப்பழம், 'இரண்டு மா' என்றால் இரண்டு மாம்பழம் என்று சொல்லிக் கொடுப்போர் உண்டு. இது பின்னால் பெருந்தொல்லை தரும். 'வா' என்பது பழம் அன்று, ஓர் எண். பழத்தின் விலையாக இருக்கலாம், எண்ணிக்கையாக இருக்கலாம்; பழமாக மட்டும் இருக்க முடியாது. இந்தக் குழப்பம் பெரியவர்களையும் விடுவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம், "ஒரு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஆறு மாணவர், இதைச் சமன்பாடாக எழுதுக" என்றனர். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறினர். மாணவரை ஆறால் பெருக்கிப் பேராசிரியருக்குச் சமம் என்று தலைகீழாக எழுதியதே மிகுதியாகக் காணப்பட்ட தவறு. எழுத்தை எண்ணாகக் கொள்ளாமல் ஆளாகக் கொண்டதால் வந்த வினை. உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை இடறினால் வியப்பென்ன?

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது யாது? கணிதம் கற்பிக்க வேண்டியதில்லை. குடும்பத்தின் உண்மையான கணக்கில் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் போதும். வீட்டில் ஒரு திருமணம் வருகிறது என்று கொள்வோம். நாற்காலி வாடகைக்கு இரு கடைகளில் விசாரிக்கிறீர்கள். முதற்கடைக்காரர் ஏற்று இறக்குக் கூலி 2,000 ரூபாய், நாற்காலிக்கு 10 ரூபாய் என்கிறார். இரண்டாமவர் கூலி 500 போதும், நாற்காலிக்கு 15 என்கிறார். யாரிடம் எடுப்பது? நாற்காலிக்குப் பத்துதான் மலிவு என்பார் தந்தை. கூலி குறைவாக இருப்பதே நல்லது என்பார் தாய். இருவரும் வாதிடட்டும். பிறகு மகளை அழைத்து, "நீ பார்த்துச் சொல்லம்மா" என்று தாளைக் கொடுங்கள்.

அவள் 100 நாற்காலிக்குப் போட்டுப் பார்ப்பாள். முதற்கடை 3,000, இரண்டாம் கடை 2,000. "அம்மா சொன்னதுதான் சரி" என்பாள். 400 நாற்காலிக்குப் பார்த்தால் 6,000 எதிர் 6,500, அப்பா வென்றுவிடுகிறார். அப்படியானால் நடுவே எங்கோ ஓரிடத்தில் இருவரும் சமமாக வேண்டுமல்லவா? அந்த இடத்தைத் தேடும்போதுதான் எழுத்து அவளுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. நாற்காலிக்கு 5 ரூபாய் வேறுபாடு. கூலியில் 1,500 ரூபாய் வேறுபாடு. 300 நாற்காலியில் இரண்டும் சமம், 5,000 ரூபாய். விருந்தினர் பட்டியலை எடுத்து எண்ணிவிட்டால் முடிவு கிடைத்துவிடும். அவள் சொல்லும் முடிவின்படியே நாற்காலி எடுங்கள். அதைக் கேட்டுவிட்டு உங்கள் விருப்பப்படி செய்தால், அடுத்த முறை தாளைத் தொடமாட்டாள்.

விளையாட்டும் கதையும் மட்டுமே போதும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. வயலின் கற்பவன் நாள்தோறும் வில்லைப் பிடித்தாகவேண்டும், கணிதமும் அவ்வாறே. ஆனால் புரியாத ஒரே வகைக் கணக்கை ஐம்பது முறை எழுதச் சொல்வது பயிற்சியாகாது, தண்டனையாகும். பத்துக் கணக்குகளைக் கொடுத்து, விருப்பமான ஐந்தைத் தேர்ந்துகொள் என்று சொல்லிப் பாருங்கள். எளியவை ஐந்தை எடுப்பதற்காகவேனும் அவன் பத்தையும் படித்துப் பார்ப்பான். ஆசிரியர் பலகையில் ஒரு கணக்கைச் செய்து, வேண்டுமென்றே நடுவில் ஒரு தவறு வைத்து, கண்டுபிடிக்கச் சொல்வதும் நல்ல வழி. ஆசிரியரின் தவறைப் பிடிப்பதில் கடைசி வரிசைக்கு உள்ள ஆர்வம் முதல் வரிசைக்கு இல்லை! (அ + இ)² என்பதை அ² + இ² என்று எழுதிவிட்டு, ஒரு சதுரத் தாளை இரு திசையிலும் மடித்து விரித்துக் காட்டச் சொல்லுங்கள். இரு சதுரங்களுக்கு அப்பால் மிஞ்சி நிற்கும் இரண்டு நீள்சதுரங்களைக் கையால் தடவிப் பார்த்தவன் நடு உறுப்பை மறப்பதில்லை.

இன்று கைபேசியில் கணிதக் காணொளிகள் ஏராளம். அவற்றுள் நல்லவையும் உள. எனினும் பிறர் நீந்துவதைப் பார்த்து நீச்சல் வராது. காணொளியைப் பாதியில் நிறுத்தி, அடுத்த அடியைத் தானே எழுதிவிட்டுத் தொடர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். தனிப்பயிற்சி வகுப்புகளைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. பள்ளியில் புரியாததையே மாலையில் விரைவாக மீண்டும் கேட்பதால் பயன் சிறிது. ஒரு நாளேனும் பிள்ளையைத் தம்பிக்கோ தங்கைக்கோ பாடம் சொல்ல வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பது அவனுக்கே புலப்படும்.

இறுதியாக, பொங்கல் நெருங்கும் நாள்களில் வாசலில் கோலமிடும் வீடுகளுக்கு ஒரு கணக்கு. இடைப்புள்ளிக் கோலத்துக்கு நடுவரிசையில் 3 புள்ளி வைத்து, மேலும் கீழும் 2 வைத்தால் மொத்தம் 7. நடுவில் 5 வைத்து 3 வரை குறைத்தால் 19. நடுவில் 7 வைத்து 4 வரை வந்தால் 37. நடுப்புள்ளியைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, அதைச் சுற்றி 18 என்று புள்ளிகள் சுற்றுச்சுற்றாக வளர்வதைப் பிள்ளை விரலால் தொட்டு எண்ணட்டும். சுற்றுகளின் எண்ணிக்கையை 'சு' என்று அவளே சுருக்கி எழுதினால், எல்லாக் கோலத்துக்கும் பொருந்தும் ஒரே வரி கிடைக்கும்: 3 × சு × (சு + 1) + 1. அந்த வரியை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு மாலைப் பொழுது ஆனாலும் அவளே கண்டெடுக்கட்டும். பிறகு, நடுவில் 15 புள்ளி வைத்து 8 வரை இறங்கும் கோலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்று கேளுங்கள். விடை 169. சரிதானா என்று கோலமாவை எடுத்து வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.